எம்.எல்.ஏ.வின் உண்மையான வேலை என்ன? வேட்புமனு முதல் பதவி முடியும் வரை

தெருவிளக்கு எரியவில்லை, பட்டா மாறுதல் இழுத்தடிக்கப்படுகிறது, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டும். எதுவானாலும் நாம் போய் நிற்பது எம்.எல்.ஏ. அலுவலக வாசலில்தான். ஐந்தாண்டு முடிந்து "இவர் என்ன செய்தார்?" என்று பேசும்போதும் சாலை, சாக்கடை, நிழற்குடை என்றே கணக்குப் போடுகிறோம். அரசியலமைப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்த வேலைகளில் இவை எதுவுமே கிடையாது. அவருக்கென்று உள்ள வேலையை அவர் செய்தாரா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டுமானால் முதலில் அந்த வேலை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை வைத்து அதைப் பார்ப்போம்.

## ஊர்க்கூட்டத்திலிருந்து தொடங்குவோம்

ஊர்த் திருவிழாவுக்கு முன் ஊர்க்கூட்டம் போடுகிறார்கள். தெருவுக்கு ஒருவர் வந்து உட்காருகிறார். தலைக்கட்டு வரி எவ்வளவு, கச்சேரிக்கு எவ்வளவு, அன்னதானத்துக்கு எவ்வளவு என்று கூட்டம் முடிவெடுக்கிறது. பிறகு அவர்களிலேயே நாலைந்து பேரிடம் பணத்தையும் பொறுப்பையும் ஒப்படைக்கிறது. பந்தல்காரரிடம் பேசுவதும் சமையலுக்குச் சாமான் வாங்குவதும் அந்த நாலைந்து பேரின் வேலை. உங்கள் தெருவுக்காகப் போனவர் பந்தல்கால் நடுவதில்லை. "எங்கள் தெருவுக்கு ஏன் விளக்கு போடவில்லை? வசூலான பணத்துக்குக் கணக்கு எங்கே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பதும், வரவு செலவுக்குக் கை தூக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் அவர் வேலை.

சட்டமன்றமும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 234 தொகுதிகள் உள்ளன. அவற்றில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. தொகுதிக்கு ஒருவராக 234 பேர் கூடும் அவையே சட்டமன்றப் பேரவை. சட்டம் இயற்றுவதும், அரசு செலவிடும் பணத்துக்கு அனுமதி தருவதும், அரசைக் கேள்வி கேட்பதும் அதன் பணி. பொறுப்பை ஏற்று நடத்தும் சிறு குழுவுக்கு அமைச்சரவை என்று பெயர். 2003-ல் வந்த 91-ஆவது திருத்தத்தின்படி முதல்வரையும் சேர்த்து அவையின் மொத்த எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்கு அது 35. சபாநாயகர், துணை சபாநாயகர் பொறுப்பில் இருப்பவர்களையும் கழித்தால், ஏறத்தாழ இருநூறு பேர் வெறும் உறுப்பினர்கள். கோப்பில் கையெழுத்துப் போட்டு எதையும் நிறைவேற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆட்சியர், வட்டாட்சியர், காவல் ஆய்வாளர் யாரும் அவர்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்லர்.

தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் பொறுப்பு. அங்கே நமக்கு வேறு பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வார்டு உறுப்பினர் யார் என்றே தெரியாமல் எம்.எல்.ஏ.வைத் தேடிப் போவதால்தான் பாதி மனுக்கள் சுற்றிவளைத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கே திரும்பி வருகின்றன.

## யார் நிற்கலாம், எப்படி நிற்கிறார்கள்?

தகுதி எளிது. இந்தியக் குடிமகனாக, 25 வயது நிறைந்தவராக, அதே மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். போட்டியிடும் தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டியதில்லை. படிப்புத் தகுதி எதுவும் கிடையாது.

நடைமுறையில் கடினமான கட்டம் கட்சிக்குள் நடப்பது. கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டப் பொறுப்பு, நடுவில் ஒன்றியக் குழு உறுப்பினர் அல்லது நகர்மன்ற உறுப்பினர் பதவி என்று பலர் படிப்படியாக வருகிறார்கள். தேர்தல் நெருங்கும்போது கட்சித் தலைமையிடம் பணம் கட்டி விருப்ப மனு கொடுத்து நேர்காணலுக்குப் போகிறார்கள். தலைமை ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, 'இவரே எங்கள் வேட்பாளர்' என்று தேர்தல் அலுவலருக்குத் தரும் ஆவணமே பி படிவம். சின்னம் கிடைப்பது இதைப் பொறுத்தது. கட்சிக்காரர்கள் 'பி ஃபார்ம்' வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

வேட்புமனுவை அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். சொத்து, கடன், வழக்குகள், படிப்பு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். மனுக்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் இதில் கட்டங்களைக் காலியாக விடுவதாலும், முன்மொழிபவரின் பெயரோ பாகம் எண்ணோ பட்டியலோடு ஒத்துப்போகாததாலும்தான்.

வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000 ரூபாய். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் அதை இழப்பார். டெபாசிட் போனது என்று சொல்வது இதைத்தான். ஒரு காலத்தில் இந்தத் தொகை வெறும் 250 ரூபாயாக இருந்தது. 1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை நாடு கவனிக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, மொத்தம் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டி வந்தது. அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் தொகை உயர்த்தப்பட்டது.

செலவு வரம்பு 2022 முதல் பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்றாண்டு வரை போட்டியிடத் தடை விதிக்கலாம். தோற்றவர்கள்தான் இதை அதிகம் மறக்கிறார்கள். அடுத்த தேர்தலில் மனு கொடுக்கும்போதுதான் தடை நினைவுக்கு வருகிறது.

வெற்றி வித்தியாசம் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம். 2016-ல் ராதாபுரத்தில் 49 வாக்குகள், 2021-ல் தியாகராய நகரில் 137 வாக்குகள்.

## அவைக்குள் அவர் செய்யக்கூடியது

பதவிப் பிரமாணம் எடுக்காமல் அவையில் உட்கார்ந்து வாக்களித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. பிரமாணம் முடிந்த பிறகு அவர் கையில் உள்ள கருவிகள் சில. அவருடைய உண்மையான பலம் இவற்றில் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது கேள்வி நேரம். உறுப்பினர் எழுத்து மூலம் முன்கூட்டியே கேள்வி அனுப்புகிறார். எடுத்துக்கொள்ளப்பட்டால் துறை அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதில் போதவில்லை என்றால் துணைக் கேள்வி கேட்கலாம். தொகுதியில் ஒரு பாலம் வேண்டும் என்று அமைச்சரைத் தனியாகப் பார்த்துச் சால்வை போட்டுக் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவையில் கேட்டது அவைக்குறிப்பில் ஏறிவிடும். கேள்வி துறைச் செயலாளர், மாவட்ட அலுவலர் என்று கீழே இறங்கி, அந்தப் பாலத்துக்கு மதிப்பீடு போட்டார்களா, நிலம் எடுத்தார்களா என்ற விவரத்தோடு மேலே ஏற வேண்டும். பல கோப்புகள் நகர்வது இப்படித்தான்.

"ஆவன செய்யப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குகளைப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு உண்டு. சுறுசுறுப்பான உறுப்பினர் தன் கேள்விக்கு வந்த பதிலை எடுத்து வைத்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே கேட்டுக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது, எல்லாவற்றிலும் பெரியது, பணம். அரசு ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு வேண்டும் என்று அவையிடம் கேட்பதே மானியக் கோரிக்கை. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொரு துறையும் சென்ற ஆண்டு செய்ததையும் வரும் ஆண்டு செய்யப்போவதையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகமாகத் தருகிறது. அதைப் படித்துவிட்டு வரும் உறுப்பினர் "போன ஆண்டு அறிவித்த மருத்துவமனைக் கட்டடம் இந்தப் புத்தகத்தில் காணவில்லையே" என்று கேட்க முடியும். படிக்காமல் வருபவர் தலைவர்களைப் புகழ்ந்து தன் நேரத்தை முடித்துவிடுகிறார். ஓர் எம்.எல்.ஏ.வை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை. கோரிக்கைத் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் தருவது வெட்டுத் தீர்மானம். நூறு ரூபாய் மிச்சப்படுத்துவதா நோக்கம்? அந்தத் துறையின் குறிப்பிட்ட குறை ஒன்றை விவாதத்துக்குக் கொண்டுவரும் வழி அது.

மூன்றாவது சட்டமுன்வடிவு, அதாவது சட்டமாவதற்கு முந்தைய வரைவு. அமைச்சர் அல்லாதவரும் கொண்டுவரலாம். அதற்குத் தனிநபர் மசோதா என்று பெயர். ஆளுங்கட்சியின் ஆதரவில்லாமல் அது நிறைவேறுவது அரிது. ஆனாலும் வீணாவதில்லை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தேவதாசி முறைக்கு எதிராகக் கொண்டுவந்த மசோதா அப்போது சட்டமாகவில்லை. 1947-ல் அது சட்டமானது.

அவை எல்லா நாளும் கூடுவதில்லை. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பதே கட்டாயம். எனவே அவை நடக்கும் அந்தச் சில வாரங்களில் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்பது முக்கியம். அவையை நடத்த 24 பேராவது உள்ளே இருக்க வேண்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எம்.எல்.ஏ. நிர்வாகி அல்லர். அரசைப் பதில் சொல்ல வைப்பவர், பணத்துக்கும் சட்டத்துக்கும் ஓட்டுப் போடுபவர்.

## தொகுதி நிதி அவர் பணமா?

அதிகம் குழப்பப்படும் இடம் இது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதில் ஒரு ரூபாய்கூட அவர் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ போவதில்லை.

நடப்பது இதுதான். எந்த வேலை வேண்டும் என்று அவர் மாவட்ட ஆட்சியருக்கு, சென்னை என்றால் மாநகராட்சி ஆணையருக்கு, எழுத்து மூலம் பரிந்துரைக்கிறார். பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறார். நிர்வாக அனுமதி வருகிறது. உள்ளாட்சி அமைப்போ சம்பந்தப்பட்ட துறையோ ஒப்பந்தப்புள்ளி கோரி வேலையை முடிக்கிறது. ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவது அரசு அலுவலகம். நிதியின் ஒரு பகுதி குறிப்பிட்ட வகை வேலைகளுக்கென்று முன்பே கட்டப்பட்டிருக்கும், மீதியில்தான் அவருக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்.

வேலை நின்றுபோகும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டடம் கட்டக் கேட்ட இடம் தனியார் நிலமாகவோ நீர்நிலைப் புறம்போக்காகவோ இருக்கும். மதிப்பீடு கேட்டதைவிடக் கூடிப்போகும். ஒப்பந்தம் எடுக்க ஆள் வராது. இதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிமுறை அமலாகிவிட்டால், தொடங்காத வேலையைத் தொடங்க முடியாது. ஆகையால் கடைசி ஆண்டில் தரப்படும் வாக்குறுதிகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

அளவையும் பாருங்கள். 2021-ல் தமிழ்நாட்டு வாக்காளர்கள் சுமார் 6.28 கோடி. தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம். 3 கோடியை வகுத்தால் வாக்காளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 112 ரூபாய் வருகிறது. ஆறு லட்சத்துக்கு மேல் வாக்காளர்களைக் கொண்ட சோழிங்கநல்லூருக்கும் இரண்டு லட்சத்தைத் தொடாத சென்னைத் துறைமுகத்துக்கும் ஒரே தொகைதான். மாநில வரவு செலவுத் திட்டம் லட்சக்கணக்கான கோடிகளில் ஓடுகிறது. இந்த 3 கோடியை மட்டும் பார்த்து எம்.எல்.ஏ.வை மதிப்பிடுகிறோம், அந்தப் பெருந்தொகைக்கு அவர் கை தூக்கிய நாளை யாரும் கவனிப்பதில்லை.

அவருடைய சொந்த ஊதியம் வேறு கணக்கு. படிகளோடு சேர்த்து மாதம் 55,000 ரூபாயாக இருந்ததை 1,05,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2017-ல் வந்தது.

## சொந்த விருப்பப்படி ஓட்டுப் போட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. கட்சி எப்படி வாக்களிக்கச் சொல்கிறது என்று தன் உறுப்பினர்களுக்குத் தரும் கட்டளையே கொறடா உத்தரவு. அதை மீறி வாக்களித்தாலோ வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். 1985-ல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், இதைச் சொல்கிறது. கட்சி உறுப்பினர் பதவியைத் தானாகக் கைவிட்டாலும் இதே கதிதான். 'கைவிடுவது' என்றால் ராஜினாமாக் கடிதம் தருவது மட்டும் இல்லை, நடத்தையிலிருந்தும் அப்படி முடிவு செய்யலாம். சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் பதவி இழப்பார்.

சிக்கல் எங்கே என்றால், தீர்ப்புச் சொல்வது சபாநாயகர். அவர் வழக்கமாக ஆளுங்கட்சிக்காரர். 2017-ல் தமிழ்நாடு இரண்டு விதத்தையும் பார்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமியின் அ.தி.மு.க. அரசுக்கு 122 வாக்குகள் கிடைத்தன, எதிராக 11. எதிர்த்து வாக்களித்தவர்கள் அதே கட்சியின் பன்னீர்செல்வம் அணியினர். பிறகு இரு அணியும் இணைந்துவிட, அவர்கள் பதவி இழக்கவில்லை. முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சியின் வேறு 18 பேரோ செப்டம்பர் 18-ல் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளின் தீர்ப்பு மாறுபட்டது. மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலில். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் 18 தொகுதி மக்களுக்குப் பேரவையில் குரலே இல்லை. இத்தகைய மனுக்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீறினால் என்ன தண்டனை என்பது சட்டத்தில் இன்றும் எழுதப்படவில்லை.

அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் அவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. அது அவரது சிறப்புரிமை. வாக்களிக்கப் பணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

அவருக்கு இன்னும் இரண்டு ஓட்டுகள் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. மாநிலங்களவைக்கு ஆறு இடங்கள் காலியாகும்போது ஓர் இடத்தை வெல்ல 34 எம்.எல்.ஏ.க்களின் வாக்கு தேவை.

## பதவி எப்போது போகும்?

சாதாரணமாக ஐந்தாண்டு முடிவில், அல்லது அவை அதற்கு முன் கலைக்கப்பட்டால். அனுமதியின்றி 60 நாள் அவைக்கு வராவிட்டால் அவை அந்த இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் தகுதி போய்விடும், விடுதலைக்குப் பின் ஆறாண்டு போட்டியிடவும் முடியாது. மேல்முறையீடு செய்து பதவியில் நீடிக்கும் வழியை 2013-ல் உச்ச நீதிமன்றம் அடைத்தது. முதல்வராக இருந்த ஜெயலலிதா 2014 செப்டம்பரில் பதவி இழந்து, ஸ்ரீரங்கத்தில் இடைத்தேர்தல் வந்தது இதனால்தான். தீர்ப்பையே மேல் நீதிமன்றம் நிறுத்திவைத்தால் இடம் திரும்பக் கிடைக்கும். 2024 மார்ச்சில் தி.மு.க.வின் பொன்முடிக்குத் திருக்கோவிலூர் தொகுதி அப்படித் திரும்பியது.

செயல்படவில்லை என்பதற்காக மக்கள் இடையில் திருப்பி அழைக்க வழியில்லை.

## எதை, யாரிடம் கேட்பது?

வேட்பாளராக அவர் தந்த உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளும் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளும் பொதுமக்கள் படிக்கக்கூடியவையே. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கும்போது ஒரு மனுவில் ஒரே கோரிக்கையை எழுதுங்கள். இடம், சர்வே எண், ஏற்கெனவே எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள் என்பதைச் சேருங்கள். "இதைப் பேரவையில் கேள்வியாக எழுப்ப வேண்டும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்பதைவிட அது பலன் தரும்.

அவர் வழியாகப் போகாமலும் பேரவையை அணுகலாம். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் அறிவிப்பு வெளியிடும். நெடுநாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கக் கூடாது. வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன், பணியிட மாற்றம் போன்ற தனிநபர் கோரிக்கைகளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, அறிவிப்பில் கேட்டிருக்கும் எண்ணிக்கையில் நகல்களோடு, தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்ற முகவரிக்கு அனுப்ப வேண்டும்.